உடும்புக்கு என்ன சமையல்?

சென்ற பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையை வேண்டாம் என்று நான் ஒதுக்கியபோது, பக்கத்தில் நின்றிருந்த சங்கச் செயலாளர், "என்ன சார், நீங்களும் உங்கள் வீட்டு உடும்பும் ஒரே பத்தியமாமே!" என்று கேட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முலுண்டில் நடக்கும் விஷயம் மாட்டுங்கா வரை போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அதையே ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுங்களேன்" என்று நம் இதழாசிரியர் பிடித்துக்கொண்டார். அவருடையதும் உடும்புப் பிடிதான். ஆகவே எழுதுகிறேன்.

வந்த கதை

எங்கள் வீட்டில் இருப்பது நம் ஊர் வரப்புகளில் பார்த்த உடும்பு அல்ல. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள புல்வெளிகளைச் சேர்ந்த சவானா உடும்பு. என் மகனின் நண்பன் வளர்த்து வந்தான். 2020-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று அவகாசம் கொடுத்தபோது முறைப்படி தெரிவித்தும் இருந்தான். 2022-இல் அவன் மேல்படிப்புக்குக் கனடா புறப்பட்டபோது, கண்ணாடிப் பெட்டியும் உடும்பும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வீட்டு மராத்திப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "கோர்பட்! எங்கள் யஷ்வந்தி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். 1670-இல் தானாஜி மாலுசரே கொண்டானா கோட்டையைப் பிடித்தபோது, யஷ்வந்தி என்ற உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் சுவரேறினார் என்று இங்கே கதை உண்டு. அந்தப் பெயரே எங்கள் உடும்புக்கும் நிலைத்துவிட்டது.

நான் ரயில்வேயில் 34 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன். மகன் காலை ஏழரை மணி லோக்கலைப் பிடித்தால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவான். ஆகவே யஷ்வந்திக்குச் சோறு போடும் வேலை என் தலையில் விழுந்தது.

செல்லம் கொடுத்த வினை

எங்கள் வீடு சைவம். முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. நண்பன் கொடுத்த நோட்டைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே சுவர்க்கோழி, கரப்பான், நத்தை என்று பட்டியல்! எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நோட்டை மூடி பீரோவின் மேல் வைத்துவிட்டேன்.

நானும் மனைவியும் கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். பால்கனியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். காலையில் ஒரு அவித்த முட்டை, மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் கடையிலிருந்து கோழிக் கொத்துக்கறி வாங்கி வருவான். முட்டையை உரித்து வைத்ததும் யஷ்வந்தி ஓடி வந்து ஒரே விழுங்காக விழுங்குவாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தம். "என்னங்க, பேத்திக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டுகிறீர்களே" என்று மனைவி கேலி செய்வாள். வந்தவர்களெல்லாம் "நல்ல கொழுகொழுவென்று இருக்கிறதே" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2023 பிள்ளையார் சதுர்த்தி சமயம். ஒரு வாரமாகவே அவள் வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டுதான் நகர்ந்தாள். முன்னங்கால் விரல்கள் தாமாகத் துடித்தன. அன்று முட்டையை வாயில் கவ்வினாள், கடிக்க முடியவில்லை. தாடை ரப்பர் போல வளைந்தது. தெருவெல்லாம் தாசா ஒலிக்க, ஊர்வலங்களுக்கு நடுவே ஆட்டோ பிடித்து, இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம்.

எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் நிழல் போல மங்கலாக இருந்தன. இடது முன்னங்காலில் ஓர் எலும்பு ஏற்கெனவே முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. எப்போது முறிந்தது என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உடும்புக்குச் சீறத் தெரியும். வலிக்கிறது என்று அழத் தெரியாது. எடை மூன்றரைக் கிலோ. அந்த நீளத்துக்கு இரண்டு கிலோவே தாராளம் என்றார்.

டாக்டரம்மா சொன்னது

அன்று அவர் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

சவானா உடும்பு காட்டில் பெரும்பாலும் தின்பது சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை, தேள், நத்தை போன்ற சிறு உயிர்களைத்தான். மழைக்காலத்தில் அலைந்து திரிந்து நிறையத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வறண்ட மாதங்களில் அதை வைத்தே காலம் தள்ளும். நாமோ வருடம் பூராவும் மழைக்காலச் சாப்பாடு போடுகிறோம், அலையவும் விடுவதில்லை. கொழுப்பு ஈரலில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. உடும்பின் உணவில் பாஸ்பரஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. ஓடு நீக்கிய முட்டையில் இது தலைகீழ்: பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். எலும்பில்லாத கறியில் பத்து மடங்குக்கும் மேல். உணவில் கால்சியம் இல்லாதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் உதவுகிறது. "ஜன்னலோரம்தானே பெட்டியை வைத்திருக்கிறேன், வெயில் படுகிறதே" என்றேன். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்றார். ஒரு வருடமாக வெளிச்சம் மட்டும் காட்டியிருக்கிறேன்.

கடைசியாகச் சூடு. உடும்பின் உடம்பு தானாகச் சூடாகாது. வெயில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும். சவானா உடும்பு காயும் கல்லின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எங்கள் யஷ்வந்தி இருந்ததோ மகனின் ஏ.சி. அறையில்!

திரும்பி வரும்போது ஆட்டோவில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டிப் படித்தேன். கால்சியம் பொடி, விளக்கு, கல் சூடு எல்லாம் அந்தப் பையன் அழகாக எழுதித்தான் வைத்திருந்தான். அவளுக்கு எது வேண்டும் என்று நான் பார்க்கவில்லை; என் கைக்கு எது அருவருப்பு இல்லையோ அதைக் கொடுத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது என்ன சாப்பாடு?

மூன்று மாதம் மருந்து கொடுத்தோம். பெட்டியை ஏ.சி. இல்லாத அறைக்கு மாற்றி, அவள் வளை தோண்ட ஆழமாக மண் நிரப்பினோம். சூட்டு விளக்கும், புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கும் பொருத்தினோம். குழல்விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் நாளடைவில் குறைந்துவிடும். ஆகவே மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

பால்கனியில் பிளாஸ்டிக் டப்பாக்களில் டூபியா என்ற தென் அமெரிக்கக் கரப்பானும் சுவர்க்கோழியும் வளர்க்கிறோம். டூபியா வழவழப்பான சுவரில் ஏறாது என்பதால் மனைவி சம்மதித்தாள். அடுக்களைக் கரப்பானைப் பிடித்துப் போடக் கூடாது; அதன் உடம்பில் பூச்சி மருந்து இருக்கலாம். இந்தப் பூச்சிகளுக்கு முருங்கைக்கீரையும் காரட்டும் போடுகிறோம். பூச்சி தின்றது உடும்புக்கும் சேரும் அல்லவா? பூச்சிகளிலும் கால்சியம் குறைவுதான் என்பதால், கொடுக்கும் முன் ஒரு டப்பாவில் போட்டுக் கால்சியம் பொடியில் குலுக்கி எடுக்கிறோம்; அரிசி மாவில் சீடையைப் புரட்டுவது போலத்தான்.

வாரம் மூன்று நாள்தான் சாப்பாடு. ஒரே பூச்சியை ஓயாமல் போடாமல் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இடையிடையே ஓட்டோடு இறால், சின்ன நண்டு. அவற்றை மராத்திப் பாட்டியின் மருமகள் கோலிவாடாவிலிருந்து வாங்கி வந்து தருவாள். அபூர்வமாக ஒரு காடை முட்டை, ஓட்டோடு. மாதம் ஒருமுறை முழுச் சுண்டெலி. எலும்பும் ஈரலும் சேர்ந்த முழு இரை என்பதால் அதில் கால்சியமும் கிடைக்கும். அந்த வேலையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் அந்த நேரம் பால் வாங்கப் போய்விடுவேன். உடம்பே முங்கும் அகலமான தொட்டியில் தினமும் புதுத் தண்ணீர் வைக்கிறோம். தண்ணீர் குறைந்தால் யூரிக் அமிலம் மூட்டுகளில் தங்கிவிடுமாம்.

ஞாயிறுதோறும் தராசில் நிறுத்தி நோட்டில் எழுதுகிறேன். மூன்றரைக் கிலோ பதினாறு மாதத்தில் இரண்டு கிலோ இருநூறு கிராமுக்கு வந்தது. வயிற்றைத் தூக்கி நடக்கிறாள். மண்ணைத் தோண்டித் தள்ளுகிறாள். இடது கால் கோணல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அது இனி நிமிராது.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் என்னுடைய சர்க்கரை அளவையும் மனைவி எழுதத் தொடங்கிவிட்டாள். "அவளுக்கு அளந்து போடுகிறீர்கள், உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

ஒரு வார்த்தை

இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது "அப்பா, எனக்கும் ஒரு உடும்பு" என்று கேட்டால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நம் நாட்டு உடும்பைப் பிடிப்பதோ வளர்ப்பதோ கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி அது. மீறினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. யஷ்வந்தி போன்ற வெளிநாட்டுப் பிராணிகளில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நாங்களும் செய்தோம். கடைக்காரர் சொல்லும் விலை வெறும் ஆரம்பம்தான். விளக்கு, மண், பூச்சி, வைத்தியம் எல்லாம் சேர்ந்து பல வருடத்துச் செலவு.

நம் வீடுகளில் கிளியோ, ஆமையோ, மீனோ இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது, அங்கே என்ன தின்றது என்று இன்றே ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நான் ஒரு வருடம் தாமதமாக விசாரித்தேன். அந்தக் கோணல் காலை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தராசில் தூக்கி வைக்கும்போது பார்க்கிறேன்.