எல்லாம் போன பிறகும் வாழ்வது எப்படி? சீன கிராமத்து நாவலும் தாவோ தத்துவமும்

சூதாட்டத்தில் மொத்த நிலத்தையும் தோற்கிறார் ஒருவர். சில வருஷம் கழித்து அந்தத் தோல்விதான் அவர் உயிரைக் காப்பாற்றுகிறது. நிலத்தை ஜெயித்தவரோ சுட்டுக் கொல்லப்படுகிறார். சீன எழுத்தாளர் யூ ஹுவாவின் நாவலில் வரும் திருப்பம் இது.

1993-ல் புத்தகமாக வந்த அந்த நாவலின் பெயர் 'ஹுவோ ஜே'. உயிரோடு இருப்பது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'டு லிவ்'. ஒரு விவசாயியின் கதையான இதில் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தாவோ சிந்தனை தெரிகிறது என்கிறார்கள் வாசகர்கள் பலர். அது எந்த அளவுக்கு உண்மை? பார்க்கலாம். (நாவலின் முக்கியத் திருப்பங்கள், முடிவு எல்லாம் இதில் வரும்.)

தாவோ... அப்படின்னா என்ன?

தாவோ என்றால் 'வழி'. உலகம் தானாக இயங்கும் போக்கைக் குறிக்கும் சொல். லாவோ ட்சு பெயரில் வழங்கும் 'தாவோ தே ஜிங்' இதன் மூல நூல். மொத்தம் 81 சின்னச் சின்ன அத்தியாயங்கள். அதில் மூன்று கருத்துகள் இந்த நாவலுக்கு முக்கியம்.

• நல்லதும் கெட்டதும் தனித்தனி இல்லை. ஒன்றுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும்.

• விறைப்பாக இருப்பது ஒடியும், வளைந்து கொடுப்பது நிற்கும். இதற்குத் தண்ணீர்தான் உதாரணம்.

• இயற்கையின் போக்கை வலுக்கட்டாயமாக மாற்றாதே. இதற்குப் பெயர் 'வூ வெய்'. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று இதற்கு அர்த்தம் கிடையாது.

குதிரையைத் தொலைத்த கிழவர்

முதல் கருத்தை விளக்க சீனர்கள் இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. கி.மு. 2-ம் நூற்றாண்டு நூலான 'ஹுவாய்நான்சி'யில் வருகிறது.

எல்லைப் பகுதியில் ஒரு கிழவரின் குதிரை ஓடிப்போகிறது. ஊரார் ஆறுதல் சொல்ல, 'இது நல்லதாகவும் இருக்கலாமே' என்கிறார் அவர். ஓடிய குதிரை இன்னொரு நல்ல குதிரையோடு திரும்புகிறது. அதில் ஏறிய மகன் விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். பிறகு போர் வருகிறது. போருக்குப் போன இளைஞர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட, கால் ஊனமான மகன் மட்டும் வீட்டில் பிழைத்துக் கிடக்கிறான்.

நாவலில் அது எப்படி வருகிறது?

ஃபூகுய் பணக்கார வீட்டுப் பிள்ளை. குடும்பத்துக்கு நூறு மூ-வுக்கும் மேல், அதாவது 16 ஏக்கருக்கும் அதிகமான நிலம். எல்லாவற்றையும் லோங் அர் என்பவனிடம் சூதாட்டத்தில் இழக்கிறார். அப்பாவும் அதன் பிறகு போய்ச் சேருகிறார். தன் நிலமாக இருந்ததில் வெறும் 5 மூ-வை அதே லோங் அரிடம் குத்தகைக்கு எடுத்து உழுகிறார் ஃபூகுய்.

1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி. நிலச் சீர்திருத்தத்தில் நிலப்பிரபுக்கள் குறிவைக்கப்படுகிறார்கள். இப்போது நிலப்பிரபு யார்? லோங் அர்! அவனுக்கு மரண தண்டனை. குத்தகைக்கு உழுத 5 மூ ஃபூகுய்க்கே சொந்தமாகிறது. குதிரைக் கிழவரின் கதை அப்படியே இங்கே நடக்கிறது.

ஆனால் கணக்கு நேராவதில்லை

நாவல் இங்கே முடிந்திருந்தால் அது ஒரு நீதிக்கதை. அது முடியவில்லை.

ஃபூகுயின் மகன் யோச்சிங் சின்னப் பையன். மாவட்ட அதிகாரியின் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட, அளவில்லாமல் அவனிடமிருந்து எடுக்கிறார்கள். பையன் இறந்துபோகிறான். காய்ச்சலால் பேச்சும் செவியும் இழந்த மகள் ஃபெங்சியா பிரசவத்தில் இறக்கிறாள். அடுத்து மனைவி, மருமகன், கடைசியில் பேரன். இந்த மரணங்களுக்குப் பின்னால் எந்த நல்லதும் ஒளிந்திருக்கவில்லை.

நாவல் ஒரு பழமொழிக்கு உதாரணம் காட்டும் கதையாகச் சுருங்காமல் போவது இந்த இடத்தில்தான். எல்லாம் நன்மைக்கே என்று யூ ஹுவா சொல்வதில்லை. மிஞ்சுவது தாவோவின் இரண்டாவது கருத்து: ஒடியாமல் இருப்பது.

யோச்சிங் சாவுக்குக் காரணமான அந்த அதிகாரி சுன்ஷெங், ஃபூகுயின் பழைய ராணுவக் கூட்டாளி. கலாச்சாரப் புரட்சியில் அடிபட்டு, சாகும் முடிவோடு ஒரு ராத்திரி வந்து நிற்கிறார். 'நீ உயிரோட இருக்கணும்' என்று அவரிடம் கெஞ்சுவது ஃபூகுய்தான். ஆனாலும் சுன்ஷெங் பிழைக்கவில்லை.

அப்போ, அடங்கிப் போகச் சொல்கிறதா?

நாவல் மீதான பெரிய விமர்சனமே இதுதான். வெள்ளம், பஞ்சம் போல எல்லாவற்றையும் விதி என்று ஏற்கலாமா? யோச்சிங்கைக் கொன்றது இயற்கை இல்லை, அதிகாரம். 1958-ல் வீட்டுச் சட்டி பானைகளைக்கூட இரும்பு உருக்க வாங்கிக்கொண்டு போனதும் அரசின் திட்டம்தான்.

இந்த இடத்தில் பலர் மறப்பது ஒன்று உண்டு. தாவோ தே ஜிங் குடிமக்களுக்கான பொறுமைப் பாடம் மட்டும் இல்லை. ஆள்பவர்களுக்கான எச்சரிக்கையும்கூட. மக்கள் பசியில் கிடப்பதற்கு மேலே இருப்பவர்கள் வரியை விழுங்குவதே காரணம் என்று அது வெளிப்படையாகவே குற்றம்சாட்டுகிறது. 'வலிந்து மாற்றாதே' என்பது முதலில் அரசனுக்குச் சொன்ன புத்தி. அப்படிப் படித்தால், ஃபூகுய் வாய் திறந்து குறை சொல்லாவிட்டாலும் நாவல் குறை சொல்கிறது.

எழுத்தாளர் என்ன சொல்கிறார்?

தன் முன்னுரையில் யூ ஹுவா காட்டும் ஊற்று தாவோ அல்ல, 'ஓல்ட் பிளாக் ஜோ' என்ற அமெரிக்கப் பாட்டு. குடும்பத்தை இழந்தும் உலகத்தின் மேல் கசப்பில்லாத ஒரு கறுப்பின அடிமையைப் பற்றியது. ஆக, தாவோ என்பது வாசகர்கள் கண்டெடுத்த பொருத்தம்.

1994-ல் ஜாங் யிமோ இதைப் படமாக்கினார். கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் விருதும், நடிகர் கே யோவுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. சீனாவில் படத்தைத் திரையிட அனுமதிக்கவில்லை. நாவல் இன்றும் அங்கே நன்றாக விற்கிறது.

படத்தில் பேரன் பிழைத்திருக்கிறான். நாவலில் ஃபூகுய்க்குத் துணை ஒரு கிழட்டு மாடு மட்டுமே. வெட்டுக்குப் போக இருந்ததைக் காசு கொடுத்து மீட்டு, தன் பெயரையே வைக்கிறார். உழும்போது செத்துப்போன மனைவி, மக்கள் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுகிறார். பக்கத்தில் மற்ற மாடுகளும் உழுகின்றன என்று நினைத்து, அதுவும் சோர்ந்துபோகாமல் உழட்டும் என்று.