சிங்கராஜ வனம் கண்டோம்

ஆண்டெல்லாம் ஓடும் ஆறொன்றும் இல்லாத வடமராட்சியிற் பிறந்தவர்க்கு மழைக்காடு ஏட்டிற் படித்த பொருளேயாகும். சென்ற ஆவணி விடுமுறையில் நெல்லியடியிலிருந்து மாணாக்கர் சிலருடன் சிங்கராஜ வனஞ் சென்றேன். இரத்தினபுரி, கலவானை வழியாகக் காட்டை அடைந்தோம்.

உள்ளே புகுந்ததும் வெயில் மறைந்தது. நெடுமரங்களின் கீழ்ச் சிறுமரங்கள், அவற்றின் கீழ்ச் செடிகொடிகள் எனக் காடு அடுக்கடுக்காய் நின்றது. மரவினங்களிற் பாதிக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியன. பலவினப் பறவைகள் ஒரே கூட்டமாய் இரைதேடிச் சென்றமை கண்கொள்ளாக் காட்சி. அட்டைகளோ எம் கால்களை விட்டபாடில்லை!

“ஐயா, இவ்வளவு மழைத் தண்ணியும் எங்கே போகுது?” என்றான் ஒரு மாணவன். ஆண்டுதோறும் பெய்யும் 2,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையை வேரும் சருகும் தாங்கி, களு கங்கைக்கும் ஜின் கங்கைக்கும் சிறுகச் சிறுக ஈகின்றன என்றேன்.

1970களில் ஒட்டுப்பலகைக்காக இங்கு மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்த்தமையால் அது நின்றது. 1988இல் இவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று.

எம்மூரில் நீரைத் தாங்குவது நிலத்தடிச் சுண்ணக்கல். அளவிறந்து இறைத்தால் உவரேறும். காட்டைக் காக்க மக்கள் எழுந்தனர். கிணற்றைக் காக்க எழுவார் யார்?

ஊர் திரும்பிய மறுநாள், அம்மாணவன் பள்ளிக் கிணற்றை எட்டிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றான்.