சிறிய சரக்கு விமானத்தின் விமானி: சம்பளம் பாதி, மணித்தியாலம் பாதி

கொழும்பிலிருந்து அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு ஆடை மாதிரிப் பொதி ஒன்றைக் கூரியரில் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பொதி பெரிய விமானத்தில் அமெரிக்கா சென்று, மெம்பிஸ் போன்ற ஒரு மத்திய நிலையத்தில் இரவோடிரவாக வகை பிரிக்கப்பட்டு, இன்னொரு பெரிய விமானத்தில் அந்த மாநிலத்தின் முக்கிய நகர் வரை போகும். அதற்கு அப்பால் பெரிய விமானம் போவதில்லை, போனால் கட்டுப்படியாகாது. மிகுதித் தூரத்தை ஒற்றை எஞ்சின் கொண்ட செஸ்னா கரவன் ரக விமானம் ஒன்று கடக்கும். அதில் இருப்பவர் ஒரேயொரு விமானி. பல இடங்களில் பொதிகளை ஏற்றி இறக்கவும் அவரே கைகொடுக்க வேண்டும்.

நமது வர்த்தகக் குடும்பங்களில் மகனை, அண்மைக்காலமாக மகளையும், விமானியாக்கும் ஆசை பெருகி வருகிறது. "பெரிய விமானத்தின் கப்டனுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த இருக்கைக்குப் போவதற்கு முன்னுள்ள ஆறேழு வருடங்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆனால் போட்ட முதல் மீளுமா, மூழ்குமா என்பது அந்த வருடங்களில்தான் தீர்மானிக்கப்படுகிறது. எனவே இந்த வாரம் சிறிய சரக்கு விமானக் கம்பனிகளில் வேலை செய்வோரின் கணக்கைப் பார்ப்போம். இத்தொழில் பெரிய அளவில் நடப்பது அமெரிக்காவில் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

வியாபாரம் நடக்கும் விதம்

பெடெக்ஸ் கம்பனி 1973 ஏப்ரலில் மெம்பிஸ் நகரிலிருந்து 14 சிறிய ஜெட் விமானங்களுடன் சேவையைத் தொடங்கியது. முதல் இரவில் 25 நகரங்களுக்கு அது கொண்டுசென்றது வெறும் 186 பொதிகள். பின்னர் வியாபாரம் பெருகி விமானங்கள் பெரிதாகியபோது சிற்றூர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சொந்த விமானிகளை, தொழிற்சங்கச் சம்பளத்தில், ஒரு தொன் சரக்குக்காக அனுப்ப முடியாது. ஆகவே சிறிய கம்பனிகளுக்கு அந்த வேலை ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டது. இவற்றை 'பீடர்' கம்பனிகள் என்பார்கள். வட கரோலினாவின் மவுன்டன் எயார் கார்கோ, ஐடஹோவின் எம்பயர் எயார்லைன்ஸ் ஆகியன பெடெக்ஸுக்கு இவ்வாறு பறந்து பெயர் பெற்றவை.

நமது ஊர்களில் பெரிய கம்பனியின் ஏஜென்சி எடுத்து நடத்துவோருக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். விமானம் பெடெக்ஸுடையது. அதைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. எரிபொருள், பராமரிப்பு, தரையிறங்கும் கட்டணம் ஆகிய செலவுகளைச் சிறிய கம்பனி இலாபம் வைக்காமல் அப்படியே திருப்பிப் பெற்றுக்கொள்ளும். அதற்கு மேல் கிடைப்பது நிர்வாகக் கட்டணம் மட்டுமே. யூ.பி.எஸ். கம்பனியின் முறை வேறு: அதற்குப் பறக்கும் அமெரிபிளைட் போன்ற கம்பனிகள் விமானங்களைத் தாமே சொந்தமாக வைத்திருக்கின்றன. இரண்டு முறையிலும் சிறிய கம்பனியின் கையில் மிஞ்சுவது சொற்பம். விமானிக்கு அள்ளிக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

ஒரு நாள் வேலை

பெரிய விமானம் விடியற்காலையில் வந்து இறங்கும். சிறிய விமானத்தின் விமானி அதற்கு முன்பே நிலையத்தில் நிற்க வேண்டும். சரக்கை ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய ஆறு, ஏழு மணிக்குப் புறப்பட்டு ஒரு மணித்தியாலத்தில் சிற்றூரை அடைவார். பிறகு மாலைவரை வேலையில்லை. கம்பனி எடுத்துக்கொடுத்த சிறு அறையிலோ, ஹொட்டேலிலோ தூங்குவார். மாலையில் அந்த ஊரின் பொதிகளுடன் திரும்பிப் பறப்பார். பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள். குடும்பத்துடன் இருக்கும் இரவுகள் பயணிகள் விமானத்தின் விமானியை விட அதிகம் என்பது இதிலுள்ள ஒரு நன்மை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமும் கிடைக்கும். ஆனால் அந்தச் சிற்றூர்களில் பள்ளிவாசலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சட்டப்படி, தனியாகப் பறக்கும் விமானி 24 மணித்தியாலத்துக்குள் 8 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக் கூடாது. இருவர் இருந்தால் 10. வருடத்துக்கு 1,400 மணித்தியாலம் என்பது எல்லை. பீடர் விமானி இந்த எல்லைக்குக் கிட்டவும் போவதில்லை என்பதே அவருடைய குறை. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 10, வருடத்துக்கு ஏறத்தாழ 500. காலை நான்கு மணிக்கு எழும்பி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவரின் பதிவுப் புத்தகத்தில் ஏறுவது அந்த இரண்டு மணித்தியாலம் மட்டுமே.

பாதுகாப்பு விடயத்தையும் மறைக்கக் கூடாது. சிறிய விமானம் மேகத்துக்கு மேலே ஏறித் தப்ப முடியாது. மழை, பனி, உறைபனி எல்லாவற்றுக்கும் ஊடாகவே போக வேண்டும். கரவன் விமானங்கள் உறைபனியில் விபத்துக்குள்ளானதைத் தொடர்ந்து 2006இல் அமெரிக்க அதிகாரிகள் அவற்றுக்கு விசேட கட்டுப்பாடுகளை விதித்தனர். 2009 ஜனவரியில் டெக்சாஸின் லபக் நகரில் பெடெக்ஸ் சரக்குடன் வந்த எம்பயர் கம்பனியின் ஏ.டி.ஆர். 42 விமானம் உறைபனிச் சூழலில் தரையிறங்கும்போது விழுந்து நொறுங்கியது. இரு விமானிகளும் உயிர் தப்பினர். விமானிகளின் களைப்பைக் குறைப்பதற்காக 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதிகள் பயணிகள் விமானங்களுக்கே கட்டாயமாக்கப்பட்டன. சரக்கு விமானங்கள் விலக்கப்பட்டன. இரவில் பறப்போருக்கு ஓய்வு குறைவாகப் போதும் என்பது என்ன நியாயமோ!

குறைந்த சம்பளத்துக்கு ஏன் போகிறார்கள்?

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தைப் பொதுவாக 250 மணித்தியாலப் பறப்புடன் பெறலாம். ஆனால் சிறிய சரக்கு விமானத்தை எல்லாக் காலநிலையிலும் தனியாகச் செலுத்த 1,200 மணித்தியாலம் வேண்டும். அதற்குள் ஊர்விட்டு ஊர் பறந்தது 500, இரவில் பறந்தது 100, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 75 இருக்க வேண்டும். இடையிலுள்ள 950 மணித்தியாலத்தைப் பலர் பயிற்சி ஆசிரியராக இருந்தே சேர்க்கிறார்கள்.

பெரிய கம்பனிகள் பார்ப்பது வெறும் மணித்தியாலத்தை அல்ல. டர்பைன் எஞ்சின் விமானத்தில், கப்டனாக, தானே முடிவெடுத்துப் பறந்த மணித்தியாலத்துக்கே மதிப்பு அதிகம். சிறிய சரக்கு விமானத்தில் இது விரைவில் கிடைக்கும். பயணிகள் விமானத்தில் வருடக்கணக்கில் துணை விமானியாக இருக்க வேண்டியவர், இங்கே முதல் நாளே கப்டன். ஆகவே சம்பளத்தின் ஒரு பாதி பணமாகவும் மறுபாதி மணித்தியாலமாகவும் கொடுக்கப்படுகிறது எனலாம். 2000களின் நடுப்பகுதியில் புதிய கரவன் விமானி ஒருவர் வருடத்துக்கு 30,000 டொலரோ அதற்குக் குறைவாகவோ பெறுவது சாதாரணமாக இருந்தது. நகரில் லொறி ஓட்டுபவர் அதைவிட அதிகம் உழைத்தார். ஆனால் லொறிச் சாரதிக்கு மறுபாதி கிடையாது.

கரவனில் ஒரு குறையுண்டு. அது ஒற்றை எஞ்சின். பெரிய கம்பனிகள் பல எஞ்சின் அனுபவத்தையும் கேட்பதால், விமானிகள் ஏ.டி.ஆர்., பீச் 99, மெட்ரோ போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு மாறப் போட்டி போடுவார்கள். 2022 மே மாதம் முதல் பெடெக்ஸ் பெற்றுவரும் செஸ்னா ஸ்கைகூரியர் விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள். விமானிகளுக்கு இது நல்ல செய்தி.

மேலே போவது எப்படி?

பெரிய கம்பனியில் எல்லாம் சேவை மூப்புப் பட்டியலில் நிற்கும் இலக்கத்தைப் பொறுத்தது. எந்த விமானம், எந்த வழி, எந்த நாள் விடுமுறை, எப்போது கப்டன் பதவி, எல்லாவற்றையும் அந்த இலக்கமே தீர்மானிக்கும். கம்பனி மாறினால் மீண்டும் கடைசி ஆள். இருபது வருட அனுபவம் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே பீடர் விமானியின் நோக்கம் ஒன்றே: கடைசிவரை இருக்கப்போகும் கம்பனியின் பட்டியலில் எவ்வளவு சீக்கிரம் பெயரை ஏற்றலாம் என்பது. 2018இல் பெடெக்ஸ், பீடர் விமானிகள் தன் கம்பனிக்கு ஏறி வருவதற்கென 'பர்ப்பிள் ரன்வே' என்ற திட்டத்தை அறிவித்தது. வாய்ப்பு உறுதி என்று அதற்குப் பொருளல்ல, நேர்முகப் பரீட்சைக்கு ஒரு கதவு.

சீக்கிரம் என்பதன் பெறுமதியைக் கணக்குப் பார்ப்போம். பெரிய சரக்குக் கம்பனியில் மூத்த கப்டனுக்கு மணித்தியாலத்துக்கு 300 டொலருக்கு மேல். மாதத்துக்கு 75 மணித்தியாலம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் வருடத்துக்கு 270,000 டொலர். ஓய்வு வயது 65, அது நகராது. 33 வயதில் சேர்ந்தவரும் 35 வயதில் சேர்ந்தவரும் ஒரே வயதில் வெளியேறுகிறார்கள். பிந்தியவர் இழப்பது கீழ்மட்டத்துச் சிறிய சம்பளத்தின் இரண்டு வருடத்தை அல்ல, உச்சச் சம்பளத்தின் இரண்டு வருடத்தை. அதாவது 540,000 டொலர். கீழே தேங்கி நிற்பதன் செலவு மேலேதான் தெரியும்.

சந்தை விழும்போது

மணித்தியாலமும் ஒரு சரக்குத்தான். வாங்குவதற்கு ஆள் இருந்தால் மட்டுமே அதற்கு விலை. கறுவா, மிளகு வியாபாரம் செய்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் இரவு நேரச் சிறிய விமானங்களின் முக்கிய சரக்கு வங்கிக் காசோலை. காசோலை எந்த வங்கிக்குரியதோ அந்த வங்கிக்குத் தாளாகவே போய்ச் சேர வேண்டியிருந்ததால், ஒஹையோவின் எயார்நெட் போன்ற கம்பனிகள் இரவு முழுவதும் காசோலை மூட்டைகளைச் சுமந்தன. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது காசோலைகளும் தேங்கின. 2003இல் புதிய சட்டம் நிறைவேறி, 2004 ஒக்டோபர் முதல் காசோலையின் கணினிப் படத்திலிருந்து எடுக்கும் பிரதியே சட்டப்படி செல்லுபடியானது. சில வருடங்களில் அந்தச் சரக்கே இல்லாமல் போயிற்று. நமது நாட்டில் லங்காகிளியர் 2006இல் காசோலைப் பட முறையைக் கொண்டுவந்தபோது பணம் சீக்கிரம் கைக்கு வந்ததென்று நாம் மகிழ்ந்தோம். அதே மாற்றம் அங்கே ஒரு தலைமுறை இளம் விமானிகளின் ஏணியை எடுத்துவிட்டது.

அடி அதோடு நிற்கவில்லை. 2007 டிசெம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65ஆக உயர்த்தப்பட்டது. மேலே இருந்தவர்கள் ஐந்து வருடம் வெளியேறவில்லை, கீழே இருந்தவர்கள் ஐந்து வருடம் ஏறவில்லை. 2009 ஜனவரியில் டீ.எச்.எல். அமெரிக்க உள்நாட்டுச் சேவையை மூடியது. 2010இல் யூ.பி.எஸ். கூடத் தன் இளைய விமானிகள் சிலரை வேலையிலிருந்து இடைநிறுத்தியது.

பிறகு சந்தை மறுபக்கம் திரும்பியது. 2009 பெப்ரவரியில் பபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டப்படி, 2013 ஓகஸ்ட் முதல் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலம் தேவைப்பட்டது. 1,200இல் பீடர் கம்பனியில் சேர்ந்தவர் சில மாதங்களில் 1,500ஐத் தொட்டதும் பறந்து போனார். கொரோனாவுக்குப் பின் தட்டுப்பாடு உச்சத்துக்குப் போனது. 2022 ஜூனில் பீட்மொன்ட், என்வொய் ஆகிய பிராந்தியக் கம்பனிகள் முதல் வருடத் துணை விமானிக்கே, தற்காலிகக் கொடுப்பனவையும் சேர்த்து, மணித்தியாலத்துக்கு 90 டொலர் தருவதாக அறிவித்தன. ஆட்களைத் தக்கவைக்கச் சிறிய சரக்குக் கம்பனிகளும் சம்பளத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அந்த அலையும் நீடிக்கவில்லை. 2023 நவம்பரில் பெடெக்ஸ் கம்பனியே, வேலை குறைந்திருந்த நிலையில், பி.எஸ்.ஏ. என்ற பிராந்தியப் பயணிகள் கம்பனிக்குப் போகும் வாய்ப்பு இருப்பதாகத் தன் விமானிகளுக்கு அறிவித்தது. எல்லோரும் ஏற விரும்பிய ஏணியின் உச்சியிலிருந்து கீழே வழி காட்டினார்கள்! 2024 செப்டெம்பர் இறுதியில் அமெரிக்கத் தபால் சேவையின் விமான ஒப்பந்தமும் பெடெக்ஸ் கையைவிட்டுப் போய் யூ.பி.எஸ். முதன்மைச் சேவையாளர் ஆனது.

நமது பெற்றோருக்கு

பயிற்சிக்குப் பணம் கட்டும்போது மேலே சந்தை நன்றாக இருக்கலாம். மணித்தியாலங்கள் சேர்ந்து விற்கப் போகும்போது எப்படியிருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே இதைக் கடனில் செய்யலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வட்டியின் மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரக் கணக்கில் மட்டும் பார்த்தாலும், முதல் சில வருடச் சம்பளம் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே சரியாக இருக்கும் தொழிலில் மாதாமாதம் தவணை கட்டுவது கடினம். சில கம்பனிகள் விமானப் பயிற்சி கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்தும் வாங்குகின்றன. நல்ல வாய்ப்பு வரும் வேளையில் இந்தக் கையெழுத்துதான் காலைக் கட்டும்.

இன்னொன்று, இதுவே முக்கியம். அமெரிக்காவில் பயிற்சி பெற்றால் அங்கேயே பீடர் விமானத்தில் மணித்தியாலம் சேர்க்கலாம் என்று முகவர் எவரேனும் சொன்னால், எந்த விசாவில் என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி மாணவருக்கான எம்-1 விசாவில் படிப்புக்குப் பின் செய்முறை வேலைக்கு ஆகக் கூடியது ஆறு மாதம்தான், அதுவும் அனுமதி கிடைத்தால். 250 மணித்தியாலத்துடன் நிற்கும் பிள்ளை ஆறு மாதத்தில் 1,200ஐத் தொட முடியாது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவருக்கு மேலே சொன்ன ஏணியின் முதல் படியே எட்டாது. அவர் நாடு திரும்பி, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பரீட்சைகளுக்குத் தோற்றி அனுமதிப்பத்திரத்தை மாற்றிக்கொண்டு, இங்கேயோ மாலைதீவிலோ வளைகுடாவிலோ வேலை தேட வேண்டும். அங்கெல்லாம் 250 மணித்தியாலத்துடன் எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், உங்கள் பிள்ளை படிக்கப்போகும் பாடசாலையிலிருந்து கடந்த மூன்று வருடத்தில் வெளியேறியவர்கள் இன்று எங்கே பறக்கிறார்கள் என்பதை முற்பணம் கட்டுவதற்கு முன் பெயர் விபரத்துடன் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் காசோலையில் கையெழுத்திட வேண்டாம்.