பழைய லேப்டாப்பை வீட்டு வைஃபையில் இணைக்க... பூட்டைக் கழற்ற வேண்டாம்!

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தோம். பள்ளிவாசல் வாசலுக்கு அப்பால் ஒரு தாய் துணிப்பையுடன் காத்திருந்தார். பைக்குள் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப். மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. மகளுக்குத் திருமணமாகி, பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. லேப்டாப் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் பழைய சேலைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"ஹஜ்ரத், சின்னவன் பிளஸ் ஒன் போறான். போனை வெச்சுக்கிட்டுப் படிக்கவே முடியலைங்கிறான். இதைக் கடையில காட்டினேன், பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்னுட்டாங்க. நீங்க ஒரு தரம் பாருங்களேன்."

நாம் மதரஸாவில் ஓதியவர். கல்லூரியில் படித்தது கலைப் பாடம். கணினிப் பொறியாளர் அல்ல. ஆனால் மக்தப் கணக்குகளுக்காகப் பழைய கணினிகளோடு பல வருடங்களாக மல்லுக்கட்டி வருகிறோம். அந்தப் பழக்கத்தில்தான் "பார்க்கலாம்மா" என்றோம். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது லேப்டாப் ஏற்கெனவே இணைந்திருந்தது. எப்படி என்று கேட்டதும்தான் கவலை பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து ரௌட்டரில் கடவுச்சொல்லையே எடுத்துவிட்டிருக்கிறான். "இப்போ ஈஸியா கனெக்ட் ஆகும்" என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறான். அவன் சொன்னது பொய்யில்லை. யார் வந்தாலும் ஈஸியாகக் கனெக்ட் ஆகும் என்பதுதான் பிரச்சினை.

அத்தா வளைகுடாவில் வேலை செய்கிற குடும்பம் அது. அவர் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, ஜிபே எல்லாம் அந்தத் தாயின் போனில். போனும் அதே வைஃபையில்தான் இருக்கிறது. அந்த வைஃபைக்கு இரண்டு நாட்களாகப் பூட்டே இல்லை.

இது போன்ற லேப்டாப்புகள் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் தூங்குகின்றன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லேப்டாப்புகள் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்ளும் வீட்டில் அதைக் குப்பை என்று ஒதுக்குவது வீண்விரயம்தான். ஆனால் உயிர்ப்பிக்கும் அவசரத்தில் வீட்டுக்கே பூட்டில்லாமல் செய்துவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

பழைய கணினி ஏன் இணைய மறுக்கிறது? பெரும்பாலும் அது பழுதாகி இருப்பதில்லை. ரௌட்டர் பேசும் புதிய மொழி அதற்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அலைவரிசை. இன்றைய ரௌட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. அன்றைய விலை குறைந்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். பெயரின் கடைசியில் '5ஜி' என்று வருகிற இணைப்பு அவற்றின் கண்ணில் படவே படாது. "எல்லார் போனிலும் வருது, இதில் மட்டும் பேரே காட்டலை" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரௌட்டர் அமைப்பில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அதை இயக்கி, தனிப் பெயர் கொடுத்துவிடலாம். 2.4-இல் வேகம் குறைவு. ஆனால் சுவர்களைத் தாண்டிப் போவதில் அதுவே மேல்.

அடுத்தது பூட்டு. அந்த வீட்டில் நடந்தது இதுதான். வைஃபையின் பாதுகாப்பு முறைகளில் மிகப் பழையது டபிள்யூஇபி. அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது. 2004-இல் டபிள்யூபிஏ2 வந்தது. 2018-இல் டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது. அந்த வீட்டின் புதிய ரௌட்டரில் '2-ம் 3-ம் கலந்தது' என்ற அமைப்பு இருந்தது. பழைய வைஃபை அட்டைகள் சில இந்தக் கலப்பைப் பார்த்ததும் திணறும். சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் 'இணைக்க இயலவில்லை' என்றே சொல்லும். கடவுச்சொல்லை அடியோடு எடுத்துவிட்டால் இணைந்துவிடும். பையன் கண்ட 'தீர்வு' அதுதான்.

சரியான தீர்வுக்கு ஐந்து நிமிடம் போதும். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. போனின் பிரவுசரிலேயே அதைத் தட்டி உள்ளே போகலாம். வைஃபை பாதுகாப்பு என்ற பகுதியில் 2.4-க்கு மட்டும் 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்' என்று வைத்தோம். புதிய நீண்ட கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்தோம். 5-ஐக் கலப்பிலேயே விட்டுவிட்டோம். லேப்டாப் இணைந்தது, வீட்டில் இருந்த போன்கள் எதற்கும் குறை வரவில்லை. சரியாக அமைத்த டபிள்யூபிஏ2 இன்றும் வீட்டுக்குப் போதுமான பூட்டுதான். லேப்டாப் அதற்கும் மறுத்திருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகச் சொல்லியிருப்போம். டபிள்யூஇபிக்கோ திறந்த வைஃபைக்கோ ஒருபோதும் இறங்கியிருக்க மாட்டோம்.

இதில் நாம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறோம் என்று அந்தத் தாய் கேட்டார். 2008-இல் நடந்ததைச் சொன்னோம். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்த நேரத்தில் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்கிய காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. கணினிகள் கைப்பற்றப்பட்டன, விசாரணை நடந்தது. அவருடைய பாதுகாப்பற்ற வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள் என்பது பிறகு தெரிய வந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்படும். அத்தா வெளிநாட்டில், வீட்டில் ஒரு பெண்ணும் பிள்ளைகளும் மட்டும் என்ற நிலையில், அப்படி ஒரு தட்டல் நம்மில் யார் வீட்டில் விழுந்தாலும் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

லேப்டாப் வைஃபையில் சேர்ந்துவிட்டது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை மட்டும் வந்துகொண்டே இருந்தது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. நாம் பார்த்தது திரையின் வலது மூலையை. தேதி 2010 என்று காட்டியது! கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்றே நாணயம் போல ஒரு சிறு பேட்டரி உண்டு. பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அது தீர்ந்து, தேதி பின்னோக்கி ஓடிவிடும். ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்ற சான்றிதழ் இருக்கிறது. 2010-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இனிமேல்தான் பிறக்கப்போகிறது. ஆகவே அது போலி என்று முடிவு கட்டிவிடுகிறது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்தோம், பக்கங்கள் திறந்தன. பேட்டரியை மாற்றாவிட்டால் மின்சாரம் போகும்போதெல்லாம் இதே கதைதான். சில லேப்டாப்புகளில் அதை மாற்ற அடிப்பாகத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கடையில் கொடுத்துச் செய்வது நல்லது.

வைஃபையே இல்லாத பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். லான் கேபிள் ஒன்று போதும். நூறு மீட்டர் வரை சிக்கலின்றி வேலை செய்யும். நம் கடற்கரை ஊர்களில் மட்டும் ஒரு சங்கடம். உப்புக்காற்று அந்தக் கேபிள் முனையின் செப்புப் பற்களைப் பச்சை பூக்கச் செய்துவிடும். இணைப்பு வந்து வந்து போனால், கணினியைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேபிள் செருகியும் இணையம் வரவில்லை என்றால் பழைய அமைப்பு மிச்சமிருக்கலாம். பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலத்தில் பல வீடுகளில் கணினியிலேயே பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு 'டயல்' செய்தோம் அல்லவா? இப்போது அந்த வேலையை ரௌட்டரே செய்துவிடுகிறது. பழைய டயலர் ஐகானைத் தட்டிக்கொண்டிருந்தால் பிழைச்செய்திதான் வரும். அதே போல, முன்பு யாரோ கையால் எழுதி வைத்த ஐபி முகவரி இருந்தால் அதை நீக்கி, 'தானாகப் பெறுக' என்று மாற்றிவிட வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து கணினிக்கு இன்னும் முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி, இணைந்த பிறகு உள்ள ஆபத்து. அந்த லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109-வது பதிப்பு. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி யாரும் அடைக்க மாட்டார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகைச் சுற்றியதை நினைவுகூரலாம். யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, ஒரு கணினியிலிருந்து அதே வலைப்பின்னலில் உள்ள அடுத்த கணினிக்குத் தாவியது அது. பிரிட்டனில் மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. நிறுவாத கணினிகள்தான் விழுந்தன. திருத்தமே வராத கணினியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நாம் செய்தது இரண்டு. ரௌட்டரில் 'விருந்தினர் வைஃபை' என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் சேரும் கருவிக்கு இணையம் கிடைக்கும். பெரும்பாலான ரௌட்டர்களில் வீட்டின் மற்றக் கருவிகளை அதனால் எட்ட முடியாது. அதற்கும் டபிள்யூபிஏ2 வைத்து, தனிக் கடவுச்சொல் கொடுத்து, லேப்டாப்பை அங்கே மாற்றினோம். திண்ணையில் உட்காரவைத்து உபசரிக்கிற மாதிரிதான். மரியாதையில் குறைவில்லை, ஆனால் உள்ளறைக்கு வழியில்லை. தாயின் போன் உள்வீட்டு வைஃபையில் தனியாக இருக்கிறது.

அடுத்து விண்டோஸையே மாற்ற முடிவெடுத்தோம். மகளின் பழைய படங்களையும் பாடக் குறிப்புகளையும் முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம். பிறகு லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸை இன்னொரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தோம். இந்த வசதி லினக்ஸில் நமக்குப் பிடித்த ஒன்று; வைஃபை, ஒலி, திரை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். செலவு ஒன்றுமில்லை. உங்கள் லேப்டாப் 64 பிட்டா என்று மட்டும் முதலில் பாருங்கள். 32 பிட் கணினிகளை லினக்ஸ் வெளியீடுகளும் கைவிட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் 32 பிட்டுக்கான நிறுவல் இல்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற சில இன்னும் கைகொடுக்கின்றன.

விண்டோஸ் 7-ஐ விடவே முடியாது என்கிறவர்கள், அதில் வங்கிக் கணக்கையோ ஆதார் தொடர்பான தளங்களையோ திறக்கவே வேண்டாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தத் தொடங்கிவிட்டது. அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

அந்த லேப்டாப் வேகமானது என்று சொல்ல மாட்டோம். வீடியோ பாடம் ஓடும்போது இன்னொரு பக்கத்தைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. பாடநூல்களின் பிடிஎஃப் நன்றாகத் திறக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யவும் வருகிறது. பேட்டரி முற்றிலும் போய்விட்டதால் சார்ஜரைச் செருகியேதான் ஓட்ட வேண்டும். கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்தது போய்விடுகிறது என்று பையன் போன வாரம் மக்தபுக்கு வந்து சொன்னான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும்படி அமைத்துக் கொடுத்தோம். கடிகார பேட்டரி இன்னும் மாற்றவில்லையாம். கரண்ட் போய் வந்ததும் தேதியைத் திருத்துவதுதான் இப்போது அவனுடைய முதல் வேலை.