கருகிய டேலியாவைக் கொட்டிவிடாதீர்கள்

ஊட்டியில் உறைபனி விழுந்த மறுநாள், தொட்டி டேலியாக்களின் இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கும். செடி போய்விட்டது என்று பலர் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். போனது தண்டும் இலையும்தான். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கிறது. அதைப் பெரும்பாலும் கொல்வது அந்த ஓர் இரவுப் பனியல்ல, பிறகு நாம் இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீர். டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் மேட்டுநிலம். மெக்சிகோ நகரமும் ஊட்டியும் ஏறத்தாழ ஒரே உயரம், சுமார் 2,240 மீட்டர். ஆனால் அங்கே குளிர்காலம் வறண்டது. அந்த வறட்சியைக் கடக்கத்தான் செடி கிழங்கு வைக்கிறது. ஈரமில்லாத உறக்கம் அதன் இயல்பு.

இந்தக் கிழங்கில் ஒரு விசித்திரம் உண்டு. உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண். டேலியாக் கிழங்கிலோ ஒரு கண்கூட இல்லை, ஏனென்றால் அது பருத்த வேர். முளைக்கும் கண்களெல்லாம் பழைய தண்டின் அடியில், கிழங்குகள் வந்து சேரும் கழுத்தில் மட்டுமே இருக்கின்றன. கழுத்து அழுகினால், கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. தண்டோ உள்ளே வெறும் குழல். நாலு விரல் உயரம் விட்டு வெட்டியதும் அதன் வாய் திறந்துகொள்கிறது. மழைநீரும் பனிநீரும் அதன் வழியே இறங்கிக் கழுத்தில் தேங்கும். அதனால்தான் தண்டை வெட்டியபின் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைக்கச் சொல்கிறேன்.

தரையில் நட்ட டேலியா பிழைத்துக்கொள்ளும்போது தொட்டிக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். தரைக்குக் கீழிருந்து பூமியின் சூடு வருகிறது. தொட்டியையோ நாலு புறமும் குளிர் சூழ்கிறது. கிழங்கு நீர் நிறைந்தது, உறைந்தால் திசு சிதைந்து கூழாகிவிடும். நீலகிரியில் உறைபனி பெரும்பாலும் மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலத்தின் சூடு திறந்த வானத்துக்குப் போய்விடுவதால் வருகிறது. ஆகவே தலைக்கு மேல் கூரையுள்ள தாழ்வாரத்தில் சுவரோரம் வைத்தாலே பெரும் காவல். பாலித்தீன் தாள் போர்த்தினால் போதாதா? வானத்துக்குப் போகும் சூட்டை அது பெரிதாகத் தடுப்பதில்லை, ஈரத்தைத்தான் உள்ளே பூட்டும். சாக்கு எவ்வளவோ மேல். வாரக்கணக்கில் மண் உறையும் ஐரோப்பியப் பகுதிகளில் கூரை மட்டும் போதாது, தொட்டியை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். தண்ணீரை நிறுத்தினால் கிழங்கு சுருங்காதா என்ற பயமும் நியாயமானதே. தோண்டி வெறுமனே போட்ட கிழங்கு சுருங்கும். தொட்டியில் இருப்பதை மண்ணே மூடிக் காக்கிறது. தொட்டி கைக்கு மிகவும் லேசாகப் பட்டால் மாதம் ஒருமுறை விளிம்போரம் கொஞ்சம் விட்டால் போதும். பனிக்காலம் முடிந்து முளை தலைகாட்டிய பிறகே தொட்டியை நிமிர்த்தி, தண்ணீரைக் கூட்ட வேண்டும்.