கை நாடி பார்க்கும் ஸ்டீயரிங்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, 'எனக்கு என்ன எழுதத் தெரியும்?' என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கற்பனை எதுவும் இல்லாமல், எங்கள் வீட்டில் நடந்ததையும் அதில் நான் படித்துக்கொண்டதையும் எழுதுகிறேன்.

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒரு நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், "ஸ்டீயரிங் கல்லு மாதிரி கனக்குதுய்யா, தோள்பட்டையே கழண்டு போச்சு" என்றார். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கும் விட்டு விட்டு எரிகிறதாம். மெக்கானிக் ஒருவர், "சென்சார் ஒயரை வெட்டி நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டா பூ மாதிரி திரும்பும், 1,500 ரூபாய் கொடுங்க" என்று சொல்லியிருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "நீதான் படிக்கிறியே, போடலாமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலேஜ் லேபில் வெட்டி வைத்திருந்த பழைய ஸ்டீயரிங் காலத்தின் முன்னால் போய் நின்றேன்.

சென்சார் எதைப் பார்க்கிறது?

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் என்ஜின் ஓடும்வரை ஆயில் பம்பும் சுற்றிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை. நாம் திருப்பும்போது மட்டும் ஒரு மோட்டார் கை கொடுக்கிறது. 1988ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் இது வந்தது. இன்று நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் இதுதான்.

எவ்வளவு கை கொடுப்பது என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? ஸ்டீயரிங் தண்டு நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மேல் தண்டையும் கீழ் தண்டையும் டார்ஷன் பார் என்ற மெல்லிய எஃகுக் கம்பி இணைக்கிறது. ஈரத்துணியைப் பிழியும்போது ஒரு கை முந்தி ஒரு கை பிந்துகிறது அல்லவா? அதுபோல, டயர் திரும்ப மறுக்கும்போது கம்பி சில டிகிரி மட்டும் முறுகும். நாம் பலமாகத் திருப்பினால் அதிகம் முறுகும். அந்த முறுக்கை அளப்பதுதான் டார்க் சென்சார். ஆரம்பகால சென்சார்கள் சிலவற்றில், ரேடியோ வால்யூம் திருகு மாதிரி உரசும் தொடுமுனை இருந்தது. உரச உரசத் தேயும். இப்போது பலவற்றில் காந்தமும் ஹால் சென்சாரும் தொடாமலேயே அளக்கின்றன. 1879ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவுதான் இதற்கு அடிப்படை.

சென்சாரிலிருந்து ஒன்றல்ல, இரண்டு சிக்னல் வருகிறது. பரவலாக உள்ள ஒரு வகையில், திருப்பாமல் இருந்தால் இரண்டிலும் 2.5 வோல்ட். வலது பக்கம் திருப்பினால் ஒன்று 3 ஆக ஏறும், மற்றது 2 ஆக இறங்கும். எப்படிக் கூட்டினாலும் 5 வரவேண்டும். வராவிட்டால் 'ஏதோ கோளாறு' என்று கன்ட்ரோல் யூனிட் மோட்டாரை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிடும். அப்போதும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அப்படியே இருக்கும். வண்டி திரும்பும், ஆனால் கனக்கும்.

ஒயரை வெட்டினால் என்ன?

ஒரு சிக்னலில் மட்டும் ரெசிஸ்டர் போட்டால் கூட்டல் தப்பும், உதவி நின்றுவிடும். இரண்டையும் சாமர்த்தியமாக மாற்றினால் ஆபத்து இன்னும் பெரிது. நடுப்புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலே, யாரும் திருப்பாமல் மோட்டார் ஒரு பக்கம் இழுக்கும். சிக்னலைப் பெருக்கிக் காட்டினால் கையின் சிறு நடுக்கம்கூடப் பெரிதாகி, ஸ்டீயரிங் தானே ஆடத் தொடங்கலாம். மோட்டாரும் சூடாகும்.

இன்னொன்று, வண்டியின் வேகம். நிற்கும்போது அதிக உதவி, வேகம் கூடக் கூடக் குறைந்த உதவி என்று கன்ட்ரோல் யூனிட்டில் ஒரு கணக்கு உண்டு. 80 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாக இருப்பது குறையல்ல, அதுதான் காப்பு. 1999ல் வந்த ஃபியட் புன்டோவில் லேசாக்குவதற்கென்றே 'சிட்டி' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். வேகம் கூடினால் அந்த வசதி தானே விலகிவிடும். லேசாக்க நினைத்தால், கம்பெனியே இப்படிக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். ஒரு ரெசிஸ்டருக்கு வண்டியின் வேகம் தெரியாது!

அப்பா வண்டியில் என்ன கோளாறு?

லேப் சார் சொன்னபடி மல்டிமீட்டரோடு போனேன். முதலில் டயர். முன் டயர்களில் 33 இருக்க வேண்டிய காற்று 22தான் இருந்தது. அடுத்து மின்சாரம். நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் 30, 40 ஆம்பியர்கூட இழுக்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும், கன்ட்ரோல் யூனிட்டுக்கு வரும் இடத்தில் 9க்கும் கீழே போய்விட்டது. நடுவில் 5 வோல்ட் எங்கே போச்சு? பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வெள்ளையாகப் பூத்து, கிளாம்ப் லூசாகக் கிடந்தது. கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முடுக்கினேன். காற்றும் பிடித்தோம். விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. சென்சார் கடைசி வரை நல்லாத்தான் இருந்தது. வெட்டியிருந்தால் அதையும் கெடுத்திருப்போம்.

செலவு உப்புத்தாளுக்கு 10 ரூபாய். அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு டிரைவர் மாமா வண்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார், "உங்கப்பா உன்கிட்ட காட்டச் சொன்னார் தம்பி" என்று. அவர் வண்டியிலும் முதலில் டயரைத்தான் பார்த்தேன்.

தம்பிமார்களே, ஸ்டீயரிங் கனத்தால் முதலில் காற்று, பிறகு பேட்டரி முனை, பிறகு எர்த், கடைசியில்தான் சென்சார். அப்போதும் ஸ்கேனர் வைத்துக் கோளாறு எண்ணைப் பாருங்கள். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது யாரோ ஒருவருடைய அப்பா.



- இரண்டாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு