கல், தூசி, மயில், நெருப்பு: இருதயத்தைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பண்டைய எகிப்தில் பெரிய மனிதர் ஒருவர் இறந்தால், உடலைப் பதப்படுத்துகிறவர்கள் மூளையை மூக்கு வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள், தெரியுமா? ஈரல், நுரையீரல், வயிறு, குடல் எல்லாம் தனித்தனி ஜாடிகளுக்குப் போகும். இருதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள்! மறுமையில் அதற்கு ஒரு வேலை இருந்தது. தராசின் ஒரு தட்டில் இறந்தவரின் இருதயம், மறுதட்டில் நீதியின் தேவதையான மாத்தின் ஒற்றை இறகு. தராசு சாய்ந்தால் கதை முடிந்தது; முதலைத் தலையோடு பக்கத்திலேயே காத்திருக்கும் அம்மித் அந்த இருதயத்தை விழுங்கிவிடும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஆனி என்பவரின் பாப்பிரஸ் சுருளில் இந்தக் காட்சியை இன்றும் வண்ணம் மங்காமல் பார்க்கலாம். வயது சுமார் 3,200 ஆண்டுகள். இதைவிட வியப்பு ஒன்று உண்டு: பிணத்தின் நெஞ்சின்மேல் வண்டு வடிவத் தாயத்து ஒன்றை வைப்பார்கள். நியாயத் தீர்ப்பில் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட வேண்டாம் என்று அவனவன் தன் இருதயத்திடமே கெஞ்சும் மந்திரம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்!

அதே எகிப்தின் அரசனைப் பற்றித்தான் யாத்திராகமம் பேசுகிறது. நதி ரத்தமாகிறது, தவளைகள் ஏறி வருகின்றன, பேன், வண்டு, கால்நடைச் சாவு. நாடே அல்லோலகல்லோலப்படுகிறது. ஒவ்வொரு வாதையின் முடிவிலும் அந்த நூல் திரும்பிப் பார்ப்பது எதைத் தெரியுமா? பார்வோனின் இருதயத்தை! தவளைகள் ஒழிந்து மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்ததும் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொள்கிறான். வண்டுகள் போனதும் மறுபடியும் அவனேதான். இப்படி நடக்கும் என்று மோசேக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்பது, நடந்துவிட்ட செய்தியாக முதன்முதலில் வருவது ஆறாவது வாதையில், கொப்புளங்களின்போதுதான். அதுவரை திரும்ப வழி இருந்தது. வாதைகளில் எது கொடியது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வாதாடுவார்கள். எனக்கு இருதயம் கடினப்பட்டுப்போன இந்த வரிசைதான் எல்லாவற்றையும்விடக் கொடியதாகப் படுகிறது.

அரசனைத் தேடி ஈசாயின் வீட்டுக்கு வந்த சாமுவேல் தீர்க்கதரிசிக்கு முன்னால் எத்தனை மகன்கள் வரிசையாக வந்து போனார்கள் தெரியுமா? ஏழு பேர்! மூத்தவன் எலியாபின் உயரத்தைப் பார்த்ததுமே அரசன் இவன்தான் என்று தீர்க்கதரிசியே முடிவு செய்துவிட்டார். கடவுள் பார்ப்பது முகத்தை அல்ல, இருதயத்தை என்ற திருத்தம் அங்கேதான் கிடைத்தது. எட்டாவது மகனை வீட்டார் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவன்தான் தாவீது; ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அப்படி இருதயம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே தாவீதுதான் பின்னால் பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான்! அந்தப் பாவத்தோடு சேர்த்து வாசிக்கப்படும் 51-ஆம் சங்கீதத்தில் அவன் வேண்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய இருதயத்தைப் பழுது பார்த்துத் தரும்படி கேட்கவே இல்லை. புதிதாகவே ஒன்றைச் சிருஷ்டிக்கும்படி கேட்கிறான். பாபிலோனில் கைதிகளோடு கைதியாகக் கேபார் நதியோரம் இருந்த எசேக்கியேலுக்கும் கிடைத்த வாக்குறுதி அதுவே: கல்லான இருதயம் எடுக்கப்பட்டு, சதையான இருதயம் வைக்கப்படும். எடுப்பதும் வைப்பதும் கடவுளின் கை. நோயாளி தன் நெஞ்சைத் தானே அறுத்துக்கொள்ள முடியாதல்லவா!

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேதாகமம் இருதயம் என்னும்போது அது உணர்ச்சியின் கூடு மட்டும் அல்ல. சாலொமோன் ராஜ்யபாரத்துக்காகக் கேட்டது ஞானமுள்ள இருதயத்தை. இருதயத்திலிருந்து புறப்படும் தீமைகளை இயேசு அடுக்கும்போது முதலில் வருவது பொல்லாத சிந்தனைகள். யோசிப்பது, திட்டமிடுவது, தீர்மானிப்பது எல்லாம் அங்கேதான். ஆகவே கூட்டத்தில் கண் கலங்கியதா என்பதை வைத்து மட்டும் இருதயத்தின் நிலைமையை அளந்துவிட முடியாது. கலங்கிய கண் காய்ந்த பிறகு என்ன தீர்மானம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

லவோதிக்கேயா ஊரின் தண்ணீர்க் குழாய்கள் தெரியுமா? இன்றைய துருக்கியில் இருந்தது அந்தச் செல்வச் செழிப்பான நகரம். கி.பி. 60-ல் பூகம்பம் தரைமட்டமாக்கியபோது, ரோம அரசின் உதவி இல்லாமலேயே தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து ஊரான எராப்போலியில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுகள். வெள்ளை வெளேர் என்று படிந்த அந்தச் சுண்ணாம்புப் படிகளைப் பார்க்க இன்றும் உலகமே பாமுக்கலேக்குப் போகிறது. இன்னொரு பக்கம் கொலோசெயில் குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்கோ குழாய் வழியே தொலைவிலிருந்து வரும் தண்ணீர்தான். தோண்டி எடுத்த குழாய்களுக்குள் சுண்ணாம்பு அடை அடையாய்ப் படிந்திருக்கிறது! அனலுமில்லை குளிருமில்லை என்று வெளிப்படுத்தின விசேஷம் அந்தச் சபையைக் கண்டித்தபோது, அங்கே இருந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று நம்பிய சபை அது. வாசற்படியில் நின்று கதவைத் தட்டும் கிறிஸ்துவும் அதே கடிதத்தில்தான் வருகிறார். ஓவியர் ஹோல்மன் ஹன்ட் அந்தக் காட்சியை 1850-களின் தொடக்கத்தில் வரைந்தபோது, செடிகொடி மண்டிய கதவில் வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்கவில்லை! அது இருதயத்தின் கதவு; திறப்பதானால் உள்ளிருந்துதான் திறக்க வேண்டும். அந்தப் படம் இப்போது ஆக்ஸ்போர்டின் கீபிள் கல்லூரியில் இருக்கிறது.

இருதயத்துக்குள் ஏழு மிருகங்களை வரைந்து காட்டிய புத்தகம் ஒன்று உண்டு, தெரியுமா? கத்தோலிக்கக் குருவாக இருந்து பிறகு லுத்தரன் சபைக்கு வந்த ஜெர்மானியர் கோஸ்னர் 1812-ல் வெளியிட்டது. மொத்தம் பத்துப் படங்கள். முதல் படத்தில் பெரிய இருதயம் ஒன்று. பெருமைக்கு மயில், பெருந்தீனிக்குப் பன்றி, பொறாமைக்குப் பாம்பு, சோம்பலுக்கு ஆமை, பேராசைக்குத் தேரை என்று உள்ளே ஒரு காடே குடியிருக்கிறது. நடுவில் சாத்தான்! அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் நுழைய நுழைய மிருகங்கள் ஓடுகின்றன. அதோடு முடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். கோஸ்னர் முடிக்கவில்லை, ஓடிய மிருகங்கள் திரும்பி வரும் படமும் உண்டு. இப்படிப் படம் காட்டிப் போதிக்கும் வழக்கத்தின் வேர் பிரான்சின் பிரிட்டனி பகுதியில். மிஷேல் லெ நொப்லே என்ற குரு 17-ஆம் நூற்றாண்டில், எழுத்தறியாத மீனவர்களுக்கும் குடியானவர்களுக்கும் ஆட்டுத்தோலில் வரைந்த படங்களைக் காட்டிப் பிரசங்கித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் அது இருதயப் படங்களாக வளர்ந்தது. கோஸ்னர் அனுப்பிய மிஷனரிகள் 1845-ல் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள ஆதிவாசி மக்களின் பெரும் சபை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது!

ஜான் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’ தெரியும். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அந்தக் கதையைத் தழுவித்தான் 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ காவியத்தைத் தந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். பனியனின் கதையில் ஒருபோதும் பெருக்கப்படாத ஒரு கூடம் வருமே, நினைவிருக்கிறதா? ஒருவன் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க, புழுதி கிளம்பி யாத்திரிகனுக்கு மூச்சே திணறுகிறது. பிறகு ஒரு பெண் வந்து தண்ணீர் தெளித்த பின்தான் கூடம் சுத்தமாகிறது. கூடம் என்பது மனிதனின் இருதயம், பெருக்கியவன் நியாயப்பிரமாணம், தண்ணீர் தெளித்த பெண் சுவிசேஷம். சட்டம் தூசியைக் கிளப்பிக் காட்டும், அகற்றாது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் காட்டியதாக நான் அறியேன். உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக 12 ஆண்டு பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த மனிதர் பனியன்.

ரோமாபுரியின் புனிதர் பிலிப் நேரியார் கதை இன்னும் விசித்திரம்! 1544-ல் பெந்தெகொஸ்தே நாளையொட்டிப் புனித செபஸ்தியாரின் நிலவறைக் கல்லறைகளில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, நெருப்புக் கோளம் ஒன்று தமக்குள் இறங்கியதாக உணர்ந்தார். அன்று முதல் நெஞ்சு படபடக்கும், உடல் அனலாய்க் கொதிக்கும். குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைப்பார். 1595-ல் அவர் இறந்ததும் மருத்துவர்கள் உடலைத் திறந்து பார்த்தார்கள். இருதயத்துக்கு மேலே இரண்டு விலா எலும்புகள் முறிந்து வெளிப்புறமாக வளைந்திருந்தன! பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஆந்திரேயா செசல்பினோ. ரத்தம் உடலில் சுற்றி வருவதைப் பற்றி அதை நிரூபித்த ஹார்விக்கு முன்பே எழுதியவர். காரணம் நோயா அருளா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். நேரியாரை ரோமாபுரி நினைவு வைத்திருப்பது அவருடைய சிரிப்புக்காகவும், ஏழை யாத்திரிகர்களுக்கு அவர் செய்த சேவைக்காகவும்.

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்க வைக்கும் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயத்துக்கும் நம்முடைய தரங்கம்பாடிக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

1706 ஜூலை 9-ல் சீகன்பால்கும் புளுட்சோவும் மிஷனரிகளாகத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறிய வாலிபர்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் போதாது, இருதயம் மாறியிருக்க வேண்டும் என்பதே அந்த இயக்கத்தின் மூச்சு. அவர்கள் தரங்கம்பாடியிலிருந்து எழுதிய கடிதங்கள் 1709-ல் ஆங்கிலத்தில் புத்தகமாயின. அந்தப் புத்தகம் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூர்ப் போதகர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மகள் எமிலி அதை அப்பாவின் அறையில் கண்டெடுத்தாள். தாய் சூசன்னா வெஸ்லி அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வேறு எதுவும் தன்னை அந்த அளவுக்கு அசைத்ததில்லை என்று 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதுகிறார். தன்னால் கடல் கடந்து போக முடியாது. ஆனால் தன் பிள்ளைகளின் ஆத்துமா தன் கையில்தானே இருக்கிறது! அன்று ஒரு தீர்மானம் எடுத்தார். ஒவ்வொரு பிள்ளையையும் வாரத்தில் ஒரு மாலை தனியே உட்கார்த்தி அதன் ஆத்தும காரியங்களைப் பேசுவது. திங்கள் மாலியோடு, செவ்வாய் ஹெட்டியோடு. வியாழக்கிழமை மாலை ஜாக்கிக்கு. அந்த ஜாக்கிதான் ஜான் வெஸ்லி. அப்போது வயது எட்டு!

இருபது ஆண்டு கழித்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட மகன் 1732-ல் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பங்கு மறுபடியும் தமக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார். அன்று தம் அறிவை உருவாக்கிய அந்த நேரம், இன்று தம் இருதயத்தைச் சீர்ப்படுத்தும் என்கிறார். நோன்பு, ஜெபம், சிறைச்சாலை ஊழியம் என்று ஒன்றையும் விடாத மனிதர் எழுதியது இது.

1736 ஜனவரியில் அமெரிக்கா போகும் கப்பலில் புயல் அடித்துப் பாய்மரச் சீலை கிழிந்தபோது வெஸ்லி நடுங்கினார். கூடப் பயணம் செய்த மொராவிய சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயப்படவில்லை! அந்த மொராவியருக்குத் தன் நிலத்தில் அடைக்கலம் கொடுத்த சின்சென்டார்ப் பிரபு யார் தெரியுமா? ஹாலே பள்ளியில் படித்த பையன். தரங்கம்பாடி மிஷனரிகளை அங்கே மேசையருகே நேரில் பார்த்தவர். ஆக இரண்டு வழியாக, தாய் வழியாகவும் கப்பல் வழியாகவும், சோழமண்டலக் கரைச் செய்தி வெஸ்லியை எட்டியது.

1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு. போக மனமே இல்லாமல்தான் வெஸ்லி அங்கே ஒரு கூட்டத்துக்குப் போனார். யாரோ ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். மணி எட்டே முக்கால் இருக்கும். விசுவாசத்தால் கடவுள் இருதயத்தில் செய்யும் மாற்றம் பற்றிய பகுதி வந்தபோது, தம் இருதயம் விநோதமாய்ச் சூடேறியதை உணர்ந்தார் வெஸ்லி. இந்த அளவு எல்லாருக்கும் தெரியும், பிரசங்கங்களில் கேட்டிருப்போம்.

ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4-ல் அதே வெஸ்லி தம் நாட்குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமா? தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று! தமக்குள் அன்பும் இல்லை, சமாதானமும் சந்தோஷமும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்தை ஏன் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம். சூடேறிய இருதயம் ஆறிப்போய்விட்டதோ என்று இரவில் தனியே பயப்படும் விசுவாசிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய பக்கம் இதுவே.

இருதயம் மறுபடி சூடேறட்டும் என்று வெஸ்லி காத்திருக்கவில்லை. மூன்று மாதம் ஆவதற்குள், 1739 ஏப்ரல் 2 மாலை நான்கு மணிக்கு, பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் ஏறினார். ஆலயச் சுவருக்கு வெளியே பிரசங்கிப்பது பாவத்துக்குச் சமம் என்று அதுவரை எண்ணியவர், வெட்டவெளியில் சுமார் 3,000 பேர் முன்னால் நின்றார். அன்று அவர் எடுத்துக்கொண்ட வசனம் லூக்கா 4-ஆம் அதிகாரத்தில், இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்க அனுப்பப்பட்டவரைப் பற்றியது.